ஊர் போடாத பெயர்

பனி குடையை மதிப்பதில்லை. மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரரின் மளிகைக் கடைக்குள் ஒதுங்குகிறேன். காலையில் நூலகத்தில் எடுத்த நகல் நனைந்துவிட்டதா என்று கல்லா மேஜையில் விரித்துப் பார்க்கிறேன். பழைய அமெரிக்கச் செய்தித்தாள் விளம்பரம் அது. அடிமையாக இருந்து விடுதலையான ஒரு பெண், சிறுவயதில் தன்னிடமிருந்து பிரித்து விற்கப்பட்ட அம்மாவைத் தேடுகிறாள். கூடப் பிறந்தவர்களின் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லியிருக்கிறாள்.

எட்டிப் பார்க்கும் கடைக்காரருக்கு விஷயத்தைச் சொல்கிறேன்.

"தாயைக் கண்டுபிடிச்சிட்டாவோ?"

"தெரியலைங்க."

அவர் பின்சுவரில் ஒட்டியிருக்கும் தாளைக் காட்டுகிறார். போன மாதம் தமிழ்ப் பத்திரிகையில் வந்த, அவர் அம்மாவின் மரண அறிவித்தல். பிள்ளைகள்: சிவம் (மொன்றியல்), ராணி (லண்டன்), குமரன். குமரனுக்குப் பக்கத்தில் மட்டும் ஊர் இல்லை.

"தம்பி. சண்டைக்குள்ள காணாமல் போனவன். பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற' எண்டு போடச் சொல்லி லண்டன் தங்கச்சி நிண்டவ. நான் விடேல்லை."

கடைசி வரியில் அவருடைய கைபேசி எண் இருக்கிறது. அதன்மேல் விரலை வைக்கிறார்.

"எங்கயாவது இருந்து பாத்தானெண்டால் அம்மா செத்தது தெரியவரும். என்ர நம்பரும் கிடைக்கும்."