ஊசி மருந்தும் என் ஐஸ் பெட்டியும்

2008ஆம் ஆண்டு என் தம்பிக்குச் சிதம்பரத்தில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. அவனுக்காக நான் ரத்தம் கொடுத்தேன். நான்காம் நாள் ரத்த வங்கியிலிருந்து போன் செய்து நேரில் வரச் சொன்னார்கள். மருத்துவமனை வராந்தாவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தம்பிக்கு எடுத்துப்போன கஞ்சித் தூக்கு என் மடியிலேயே ஆறிப்போனது.

என் ரத்தத்தை யாருக்கும் ஏற்ற முடியாது என்றார் டாக்டர். அதில் ஹெபடைடிஸ் சி (ரத்தத்தின் வழியே நுழைந்து கல்லீரலில் தங்கிவிடும் கிருமி) இருந்தது. "உங்களுக்கு எப்பவாவது ரத்தம் ஏத்துனாங்களா?" என்று கேட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, மகள் பிறந்தபோது ரத்தப்போக்கு நிற்காமல் எனக்கு மூன்று பாட்டில் ஏற்றினார்கள். அந்த நாளில் இந்தக் கிருமியைத் தேடும் சோதனை கட்டாயமில்லை. என்னைப் பிழைக்க வைத்த ரத்தத்தோடுதான் இதுவும் வந்திருக்கிறது. நான் யாரையும் குறை சொல்லவில்லை.

என் பெயர் கலா. கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமம் எங்களுடையது. கணவர் தேசிங்கு கடலுக்குப் போகிறவர். நான் கரையில் மீன் எடுத்து, சிதம்பரம் மார்க்கெட்டில் விற்கிறேன். இரண்டு வருஷமாகவே உடம்பில் ஒரு களைப்பு இருந்தது. கூடை தூக்குகிறவளுக்குக் களைப்பு வராமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். நீங்களும் அப்படி விட்டுவிட்டவராக இருந்தால், முன்பு எப்போதாவது ரத்தம் ஏற்றிக்கொண்டவராகவும் இருந்தால், ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள்.

சென்னையில் ஒரு கல்லீரல் டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். கிருமியில் பல வகை உண்டாம். எனக்கு இருந்தது மூன்றாம் வகை. வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்து), தினமும் மாத்திரை, மொத்தம் இருபத்து நான்கு வாரம். மருந்து விலை எங்கள் கைக்கு எட்டாததாக இருந்தது. கொஞ்சம் உதவி கிடைத்தது, மீதிக்கு நகை போனது. அதைப் பற்றி நான் அதிகம் வருந்தியதில்லை.

பஸ் பயணம்தான் என்னைச் சாய்த்தது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வந்துவிடும். அந்த உடம்போடு சென்னையிலிருந்து திரும்ப வேண்டும். திண்டிவனம் தாண்டும்போது பல் கிட்டிப்போய் நடுங்குவேன். தேசிங்கு தன் துண்டையும் சட்டையையும் என்மேல் போர்த்திவிட்டு பனியனோடு உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது ஊசியின்போது டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

"ஊசிய எங்கிட்ட குடுத்துடுங்கம்மா. நானே போட்டுக்கறேன்."

"வீட்ல ஃபிரிட்ஜ் இருக்கா?"

"இருக்கு. கரண்ட்டுதான் இருக்கறதில்ல. ஐஸ்ல வெச்சிக்கறேன். எங்க தொழிலே ஐஸ்தானே."

அவர் சிரித்துவிட்டார். "மீனுக்கு ஐஸ் ஜாஸ்தியானா ஒண்ணும் ஆவாது கலா. இந்த மருந்து உறைஞ்சா வீணாப்போயிடும். ரெண்டு டிகிரிக்குக் கீழ போவக்கூடாது, எட்டுக்கு மேலயும் போவக்கூடாது. இதனாலயே எத்தனையோ பேர் தூரத்துலேருந்து வரமுடியாம பாதியில விட்டுட்டாங்க."

அவர் முடியாது என்று சொல்லவில்லை. ஒரு தெர்மாமீட்டரும் மருந்து தீர்ந்துபோன ஊசிக் குழாய் ஒன்றும் கேட்டு வாங்கிவந்தேன்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் தேசிங்கு வீட்டில் இருந்தார். தெர்மாகோல் பெட்டியில் மீனுக்குப் போடுவதுபோல ஐஸை நொறுக்கிப் போட்டோம். பாதரசம் நேராகப் பூஜ்ஜியத்துக்கு இறங்கியது. மறுநாள் ஐஸை உடைக்காமல் கட்டியாக அடியில் வைத்து, மேலே துணியைப் போட்டோம். அப்போதும் பாதரசம் இரண்டுக்குக் கீழேதான் நின்றது. ஐஸ் வாடியில் (ஐஸ் கட்டிகளை அடுக்கி வைக்கும் கொட்டகை) உமியைக் கொட்டி ஐஸ் உருகாமல் வைப்பார்களே, அந்த நினைப்பு வந்தது. ரைஸ் மில்லிலிருந்து உமி வாங்கி, நான்கு விரல் கனத்துக்குத் துணிப்பை தைத்து, ஐஸ் கட்டியின்மேல் பரப்பினேன். அதன்மேல் ஒரு டிபன் பாக்ஸ். அதற்குள் ஊசிக் குழாய். பாதரசம் ஐந்தில் நின்றது.

பத்து நாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தேசிங்கு நோட்டில் எழுதினார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவர் பேனா பிடித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

டாக்டரம்மா அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "எட்டத் தாண்டவே இல்லையே!"

"நாலுக்கும் ஏழுக்கும் நடுவுலதான் நிக்குது டாக்டர்" என்றார் தேசிங்கு. வலை நிறைந்து வந்த நாளில்கூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

அன்றே வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்து ஊசி போட எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். போட்ட ஊசியைத் தெருவில் எறியாமல் கெட்டியான டப்பாவில் சேர்த்து ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட வேண்டும். ரத்தச் சோதனையைச் சிதம்பரத்தில் செய்து, முடிவைப் போனில் சொன்னால் போதும். ஒரு மாத மருந்தோடு ஊர் திரும்பினோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு நானே ஊசி போட்டுக்கொண்டேன். உள்ளங்கையில் ஏறிய தூண்டில் முள்ளைத் தானே பிடுங்கி எறிகிற தேசிங்கு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். "முடிஞ்சிதா? முடிஞ்சிதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மற்றதையும் மறைக்காமல் சொல்கிறேன். முடி கொத்துக்கொத்தாகப் போனது. ஹீமோகுளோபின் (ரத்தத்தின் சிவப்புச் சத்து) இறங்கி, பத்து எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. ஒரு மதியம் குழம்பில் உப்பில்லை என்று சோற்றுத் தட்டைச் சுவரில் வீசினேன். பிறகு அழுகை நிற்கவில்லை. வெட்கத்தை விட்டு டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அது நீ இல்ல கலா, மருந்து செய்யற வேல" என்று சொல்லி, அதற்கும் ஒரு மாத்திரை கொடுத்தார். உடம்பில் நடப்பதைச் சொல்வதுபோலவே மனதில் நடப்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பதினாறாவது வாரம் சிதம்பரத்தில் ரத்தச் சோதனைக்குக் காத்திருந்தபோது ஜமீலாவைப் பார்த்தேன். லால்பேட்டைக்காரர். என் தலையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"நீங்களும் அந்த ஊசியா அக்கா? நான் ஏழோட நிறுத்திட்டேன். கூட வர ஆளில்ல. அவுங்க துபாய்ல இருக்காங்க. எவ்ளோ நாளைக்கு நான் ஒண்டியா மெட்ராஸ் போவேன்?"

"திரும்ப ஆரம்பிக்கறியா? ஊசி உன் வீட்டுக்கே வரும்."

"யாரு கொண்டாருவாங்க?"

"நான்தான்."

டாக்டரம்மா ஒப்புக்கொண்டு, என் மாத மருந்தோடு ஜமீலாவுடையதையும் கொடுத்தார். ஜமீலா முதல் ஊசியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. வியாழக்கிழமை என்னால் முடிந்த மட்டும் மீன் விற்றுவிட்டு, மருந்துப் பெட்டியோடு சிதம்பரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் லால்பேட்டை போவேன். ஒரு நாள் கண்டக்டர், "மீன் கூடைய மேல வெக்காதம்மா" என்றார். "மீன் இல்லப்பா, மருந்து" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு முதுகு நிமிர்ந்தது. நான்கு வாரம் கழித்து ஜமீலா, "இனி நானே பெட்டி கட்டிக்கறேன், இன்ஷா அல்லாஹ்" என்றார். ஐந்தாவது வாரம் தெர்மாமீட்டரை என் கண்ணுக்கு நேரே நீட்டினார். ஆறு டிகிரி.

பிறகு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ராஜேந்திரன் என்ற தையல்காரர் வந்தார். உமிப்பையை என்னைவிட அழகாகத் தைத்தார். இன்னும் சிலர் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் இத்தனை பேர் விடாமல் மருந்து எடுக்கிறோம் என்று தெரிந்ததும், டாக்டரம்மா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்கே வரத் தொடங்கினார். முதல் ஞாயிறு வந்தவர்களிடம், "மருந்தப் பத்தி நான் சொல்றேன். அத எப்பிடி வெச்சிக்கறதுன்னு இவுங்க சொல்லுவாங்க" என்று என்னைக் கைகாட்டிவிட்டு, பின்னால் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். டாக்டர் கேட்க நான் பேசினேன். எட்டாவது வரை படித்தவள்.

மருந்து முடிந்து ஆறு மாதம் கழித்து என் ரத்தத்தில் கிருமி இல்லை. ஜமீலாவுக்கும் போய்விட்டது. ராஜேந்திரனுக்குப் போகவில்லை. சோதனைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஒரு ஊசிகூட நான் விடலக்கா" என்றார். அது உண்மை. இப்போது புது மருந்துகள் வரப்போகின்றன என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ராஜேந்திரன் அதற்காகக் காத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக வருகிறவர்களுக்கு உமிப்பை தைத்துக் கொடுக்கிறார்.

இப்போது 2012. நான் மறுபடி முழுக் கூடை தூக்குகிறேன். முன்பு என் உடம்பை நான் கவனித்ததே இல்லை. சொன்ன வேலையைச் செய்யும், அவ்வளவுதான். இப்போது அது ஏதாவது சொன்னால் எனக்குக் கேட்கிறது. சென்ற வாரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு கடைப்படியில் உட்கார்ந்தேன். நல்ல வியாபார நேரம். பூக்காரப் பெண் பதறிப்போய், "என்னாக்கா, முடியலையா?" என்று கேட்டாள்.

"முடியுது. சும்மா ஒக்காந்திருக்கேன்" என்றேன்.