தங்கராசு கண்டுபிடித்த மெமரி லீக்

தங்கராசு போய்விட்டார். காலையில் அவர் மச்சான் போன் செய்தார்... நெஞ்சுவலி. ஆலத்தூர் நாடு என்ற அவர் மலை ஊரிலிருந்து இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயசு.

என் டீமில் நான்கு வருடம் இருந்தவர். கொல்லிமலையில் வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங்கில் பாதிப் பேச்சில் லைன் போய்விடும்.

"முதல்ல ஊருக்கு ஒரு டவர் வாங்கிட்டு வாங்க தங்கராசு" என்பார் மேனேஜர். எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

நாங்கள் செய்த வைஃபை பெட்டி வெளியூர்களில் பத்து நாளுக்கொருமுறை மெமரி தீர்ந்து நின்றுபோகும். ஆபீஸில் வைத்தால் மாதக்கணக்கில் ஓடும். வாரம் ஒரு ரீஸ்டார்ட் போட்டு ஆளை விடுங்கள் என்றது மேலிடம்.

இவர் கேட்கவில்லை. ஆபீஸுக்கு வந்து ஒரு பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மலைக்குப் போகும் சோளக்காடு பஸ் ஏறிவிட்டார்.

பெட்டியின் அடியில் ஓடும் அடிப்படை மென்பொருளான கெர்னலில் ட்ரேஸ் போட்டார். யார் மெமரி வாங்கினார்கள், யார் திருப்பிக் கொடுத்தார்கள்... வரி வரியாக மூன்று வாரம்.

"ஏனுங்க மேடம், புடிச்சுட்டனுங்க! சிக்னல் பாதியில அறுந்தா வைஃபைய ஓட்டுற டிரைவர் புரோகிராம் பாதி வந்த டேட்டா பாக்கெட்டத் தூக்கி எறியுது. அதுக்கு வாங்குன மெமரியத் திருப்பித் தர்றதில்லீங்க. உங்க ஆபீஸ்ல சிக்னல் அறாது, எப்படித் தெரியும்? எங்க ஊட்டுல நிமிசத்துக்கு நாலு தடவ அறுக்குதுங்களே!"

அப்படியொரு சிரிப்பு மனுஷனுக்கு.

திருத்தம் ஒரே ஒரு வரி. உலகத்துக்கே பொதுவான அந்தக் கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கு நான் அனுப்பினேன். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர். பிழையைச் சொன்னவர் என்ற இடத்தில் அவர் பெயர்.

"மேடம், அது நான் எழுதுனதுங்களே..."

"அடுத்ததுல பாத்துக்கலாம் தங்கராசு."

"செரிங்க."

எனக்கு ப்ரோமோஷன் வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களை நிறுத்தியபோது அவர் வேலையும் போனது. நான் வாயைத் திறக்கவில்லை. த்தூ... என்ன பிழைப்பு இது.

இன்று மச்சான் சொல்லித்தான் தெரியும். அப்புறம் ஒரு இன்டர்வியூவில் இந்தத் திருத்தத்தைச் சொன்னாராம். அவர்கள் தேடிப் பார்த்துவிட்டு, இதில் வேறு யாரோ பெயர் இருக்கிறதே என்றார்களாம். பொய்க்காரன் மாதிரி எழுந்து வந்திருக்கிறார்.

"அது ஆரு பேருன்னு கடைசி வரைக்கும் அவரு சொல்லலீங்க" என்றார் மச்சான். நானும் சொல்லவில்லை.

கெர்னலில் ஒருமுறை ஏறிய பெயரை மாற்ற முடியாது. அவர் இருந்தபோது, மாற்ற வழி உண்டா என்று நான் கேட்டுக்கூடப் பார்த்ததில்லை.

பேளுக்குறிச்சி தாண்டி பஸ் மலையேறுகிறது. சிக்னல் போவதற்குள் இதை எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிடுகிறேன்... அது என் பெயர். அந்த வரியை எழுதியவர் தங்கராசு.

வந்துகொண்டிருக்கிறேன் தங்கராசு. முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.