மீனுக்கும் செலக்‌ஷன் பார்த்தேன்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். பிழைகளும் நிறைய வரும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்று ஆட்டோ ஓட்டும் தோஸ்த் சலீம் பாய் நச்சரித்ததால் எழுதுகிறேன்.

1. நாலு நாள் வேலை

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் இருபத்திரண்டு வருடமாக செலக்‌ஷன் டேபிளில் நிற்கிறேன். தோலைத் தடவிப் பார்த்து ஃபர்ஸ்ட், செகண்ட், ரிஜெக்ட் என்று பிரிக்க வேண்டும். உண்ணிக் கடியோ கீறலோ பட்டால் கை தானாக ஓரம் தள்ளிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியில் வலை வீசுவேன்.

மழைக்குப் பிறகு பாலாற்றில் தண்ணீர் ஓடியபோது மேனேஜர் கூப்பிட்டார்.

"காலேஜ்லேர்ந்து ஒரு மேடம் வந்துகிறாங்க. ஆத்துல எத்தினி வகை மீனு இருக்குதுன்னு எண்ணணுமாம். நாலு நாள் வலை போட்டுக் குடு."

ரேவதி மேடம் ஆப்பிரிக்காவில் கானா நாட்டு ஆறுகளில் மீன் எண்ணிவிட்டு வந்தவர். ஊர்ச் சாக்கடையும் ஃபேக்டரித் தண்ணீரும் ஆற்றில் கலக்கும் இடத்துக்குக் கீழே ஒரு நாள், மேலே ஒரு நாள் என்று மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொன்னார். நம்மால் என்ன குறைந்தது என்பது அந்த வித்தியாசத்தில் தெரியுமாம்.

2. ஒரே கணக்கு

முதல் நாள் கீழே. நான் தண்ணீரில், மேடம் கரையில் குடைக்கடியில். கூட ஆட்டோவில் வந்த சலீம் பாய் வாளி தூக்கினார். மேடம் ஒரு ஜிலேபி மீனைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"இதோட பூர்வீகம் ஆப்பிரிக்காண்ணா. நான் அங்க போனேன், இது இங்க வந்துடுச்சு!"

மூன்றே வகை. ஒன்றிலும் புண் இல்லை. மறுநாள் மேலேயும் அதே மூன்று வகை. மேடத்துக்கு முகம் வாடிவிட்டது.

"ரெண்டு இடமும் ஒண்ணுன்னா, தண்ணியால மீனுக்கு ஒண்ணுமே ஆகலன்னுதானே அர்த்தம்? சாயங்காலம் எங்க காலேஜ் சாருக்கு அப்படியே அனுப்பிடறேன்."

சலீம் பாய் என்னை ஓரமாக இழுத்தார். "யோவ், புண்ணு இருந்தது, பொடிசு, வால் கோணல், எல்லாத்தையும் தண்ணியிலயே வுட்டுட்டியே. மீனுக்கும் செலக்‌ஷன் பாத்தியா?"

அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாளும் ஃபர்ஸ்ட் குவாலிட்டி மட்டும் வாளிக்குப் போயிருக்கிறது! சொன்னால், டேனரி ஆள் வேண்டுமென்றே மறைத்தான் என்று நினைப்பார். சொல்லாவிட்டால் பொய்க் கணக்கு போய்விடும்.

"மேடம்..." என்று இழுத்துவிட்டு வலையை மடிக்க ஆரம்பித்தேன்.

"வலை வீசற ஆளு வாய்க்கு இன்னா பூட்டு? சொல்லுய்யா," என்றார் சலீம் பாய்.

சொன்னேன்.

"கம்பெனில சொல்லி அனுப்பினாங்களாண்ணா?"

"இல்ல மேடம். கைப்பழக்கம்."

என் கையைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னும் ரெண்டு நாள் இருக்கு. திரும்பப் போடுங்க. குப்பை வந்தாலும் கொண்டாங்க."

3. முழு வாளி

வலையில் விழுந்ததையெல்லாம் கொடுத்தேன். மேலே பொடிப் பொடியாக அயிரை, உளுவை, ஆரால் என்று ஒன்பது வகை. கீழே நாலுதான், பாதிக்குப் பாதி புண்.

திங்கட்கிழமை மேனேஜர் கேட்டார். "இன்னாப்பா, நம்ம ஆறு பாஸா?"

"கீழ்ப்பக்கம் ரிஜெக்ட் ஜாஸ்தி சார்."

"யாரு, அந்த மேடம் சொன்னாங்களா?"

"நான்தான் சார் புடிச்சேன்."

அவரிடம் நிமிர்ந்து பேசியது அன்றுதான். அவர் ரூமுக்குள் போய்விட்டார். நான் டேபிளுக்கு வந்துவிட்டேன்.

பிரிக்கச் சொன்னால் பிரியுங்கள். எண்ணச் சொன்னால், கைக்கு வந்ததை எல்லாம் கொண்டுபோய் வையுங்கள்.

17.11.2024, ஞாயிற்றுக்கிழமை.