படியில் இடிக்காத படகு

தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வந்ததிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு, படகு படியில் இடிப்பதைப் பற்றித்தான். கொள்ளிடத்துக்கு நடுவே இருக்கிறது எங்கள் திட்டு. அங்கிருந்து அரியலூர் பக்கத்துக் கரைக்கு ஆள் ஏற்றிப்போகும் டீசல் படகை ஓட்டுவது என் வீட்டுக்காரர். அதில் கியர் கிடையாது. இன்ஜின் ஓடினால் தண்ணீருக்குள் விசிறி சுற்றும், படகு போகும். எவ்வளவு குறைத்தாலும் கரை சேரும்போது ஒரு வேகம் இருக்கும். டமாரென்று சிமெண்டுப் படியில் மோதித்தான் நிற்கும். முன்கூட்டியே அணைத்தால் நீரோட்டம் துறையைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய்விடும்.

"நெறமாசப் புள்ளைய வச்சுக்கிட்டு இடிக்க முடியுமா?" என்று இவர் பாடாலூரிலிருந்து என் அண்ணனை வரவழைத்தார். அண்ணனுக்குத் தொழிலே கிணற்று இன்ஜின் பார்ப்பதுதான். அந்தப் பக்கம் இன்ஜின் எவ்வளவு மெல்ல ஓடுகிறதோ அவ்வளவு பெருமை, டீசல் மிச்சம். வந்த கையோடு, வேகம் ஓரளவுக்குக் கீழே இறங்காமல் தடுக்கும் திருகாணியைத் தளர்த்திவிட்டார். டுக்… டுக்… என்று இழுத்து இழுத்து ஓடியது. இன்ஜின் மூடிமேல் டீ கிளாஸை வைத்துக் காட்டினார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. படகும் பூப்போல வந்து படியைத் தொட்டது.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவேயில்லை. சாகக் கிடப்பவர் மூச்சு மாதிரி, அடுத்தது வருமா வராதா என்று காத்திருக்க வைத்தது.

"ஏண்ணே, இது நின்னுபோயிருமோ?"

"ஒன் வாய்ல நல்லதே வராதா? நின்னா ஹேண்டில் போட்டுச் சுத்துனா கெளம்பிட்டுப் போவுது."

பொம்பளை பேச்சு என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஆறு செம்மண் நிறத்தில் படிப்படியாக ஏறியது. அன்றைக்குப் பார்த்து, மத்தியானச் சோற்றில் கைவைத்த மகளுக்கு வலி கண்டது. நாங்கள் நாலு பேரும் படகில் ஏறினோம். நடு ஆற்றில் இன்ஜின் நன்றாகத்தான் இரைந்தது. கரை நெருங்கியதும் வழக்கம்போல இவர் வேகத்தைக் குறைத்தார். டுக்… டுக்… அவ்வளவுதான். அடுத்தது வரவில்லை.

படியில் நின்றவர்களின் முகம்கூடத் தெரிந்தது. அப்படியே எங்களைவிட்டு விலகிப் போனார்கள். அண்ணன் ஹேண்டிலைச் சுற்றுகிறார், சுற்றுகிறார், புகைதான் வருகிறது. கீழே ஆற்றின் குறுக்கே இருக்கும் கதவணையில் தண்ணீர் விழும் இரைச்சல் வரவரக் கூடியது. "அம்மா, என்னம்மா ஆச்சு?" என்று மகள் என் கையை நெரித்தாள். அய்யோ, அந்தப் பிள்ளையிடம் நான் என்ன சொல்வேன்? "ஒண்ணுமில்லடி" என்றேன்.

பாதி முழுகி நின்ற ஒரு சீமைக்கருவை மரம் பக்கத்தில் வந்தது. இவர் எட்டி அதைப் பிடித்தார். முள்ளென்றும் பார்க்காமல், கரையிலிருந்து கயிறு வந்து விழும்வரை இரண்டு கையாலும் பிடித்த பிடியை விடவில்லை. படகெல்லாம் ரத்தம்.

மகளை ஆட்டோவில் ஏற்றியபோது அண்ணன் படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "கெணத்துல இன்ஜினு நின்னா தண்ணி அங்கயேதான கெடக்கும்… இதுல அப்புடி இல்லங்கறது எனக்குத் தோணலியே."

திருகாணியைப் பழையபடி முறுக்கியாகிவிட்டது. இவருடைய வலது கை இன்னும் முழுதாக மடங்குவதில்லை. படகைத் திருப்பும் கட்டையை இடது கையால்தான் பிடிக்கிறார். துறைக்கு வந்ததும் படகு டமாரென்று மோதுகிறது. ஏறிவருகிறவர்கள் திட்டுகிறார்கள். என் மடியில் பேத்தி திடுக்கிட்டு வீரிட்டு அழுகிறாள்.

அழட்டும். நன்றாக அழட்டும்.