கொண்டு போகிறவர் பெயர்

கீபோர்ட் பெட்டியின் கைப்பிடியை மீன் தராசின் கொக்கியில் மாட்டித் தூக்கினால், முள் ஆடாமல் நிற்கும்வரை றிக்சன் மூச்சு விடுவதில்லை. திருகோணமலை டொக்யார்ட் வீதிப் பக்கத்தில் ஓர் ஐஸ் கம்பனியில் அவருக்குப் பகல் வேலை; தராசு அங்கே இரவல் வாங்கியது. விமான நிலையத் தராசைவிட இது அரைக் கிலோ கூடக் காட்டுமாம். அதனால்தான் அதன்மேல் அவருக்கு அவ்வளவு விசுவாசம். பெட்டியில் லேசாகச் சூடை மீன் மணப்பதை அவர் ஒரு குறையாகவே எடுப்பதில்லை.

மாலையில் கல்யாண வீடுகளில் கீபோர்ட் வாசிப்பவர். இசைக்குழுவோடு ஆறு தடவை வெளிநாடு போய் வந்தவர் என்பதால், வாத்தியத்தோடு விமானம் ஏறப் போகிற எவரும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லி நிறுத்தத் தெரியாத மனிதர். பற்றரி கைப்பையில் வரவேண்டும், தபேலாச் சுத்தியல் பெரிய பையில் போகவேண்டும், வயலின் தந்தியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போவார். வந்தவரின் தேநீர் ஆறிவிடும். பெட்டி கட்டுவது கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டிக்குத்தான், விமானத்துக்கல்ல என்பது அவர் கட்சி. "ஆகாயத்தில உடைஞ்சது ஒண்டுமில்லை. எல்லாம் ஹபரணை றோட்டிலதான்."

தன் முட்டாள்தனத்தையும் மறைக்க மாட்டார். கடற்காற்றின் ஈரம் இறங்காமலிருக்க, பெட்டிக்குள் ஒரு துணிப் பொட்டலத்தில் அரிசி வைத்திருந்தார். அதோடேயே மெல்பேர்ணில் போய் இறங்கினார். தானியம் எதுவும் கொண்டு வரவில்லை என்று படிவத்திலும் குறித்திருந்தார். பெட்டியைத் திறந்த பெண் அதிகாரி, ஒரு பிடி பச்சையரிசிக்காக அவரை இரண்டு மணித்தியாலம் நிறுத்தி வைத்தார். "சமைக்கிறதுக்கில்லை, கீபோர்டுக்கு எண்டனான். அந்த மனிசி என்னை மேலும் கீழும் பார்த்தவ." இதைச் சொல்லும்போது கேட்பவரைவிட அவர்தான் அதிகம் சிரிப்பார்.

இந்த முறை ரொறன்ரோ. குழுவில் மற்ற எல்லோருக்கும் விசா வந்தது, அவருக்கு மட்டும் வரவில்லை. திரும்பி வருவார் என்று நம்ப முடியவில்லையாம். ஆறு தடவை போய் ஆறு தடவையும் திரும்பி வந்த மனிதருக்கு அது எப்படிச் சுட்டிருக்கும்! மனைவி நிலுஷா கடிதத்தைக் கண்ணில் படாமல் அலுமாரிக்குள் வைத்தாள்.

அவருக்குப் பதிலாகக் கிண்ணியா முனீப் போகிறார். நல்ல வாசிப்புக்காரர், கனடா விசாவும் முன்பே கையில் இருந்தது. இல்லாதது ஒன்றுதான், றிக்சனின் கீபோர்ட். பதினொரு வருஷமாக றிக்சன் தன் கீபோர்டுக்குள் கூட்டிக் குறைத்துச் சேர்த்து வைத்திருக்கும் நாதஸ்வர ஓசையும் தவில் ஓசையும் வேறு கீபோர்டில் ஏறமாட்டா. அவை இல்லாமல் நிகழ்ச்சியும் இல்லை. இரவல் கேட்க முனீப்புக்கு வாய் வரவில்லை. றிக்சன்தான் தொலைபேசியில் கூப்பிட்டார். கடைசி நிமிஷத்தில் மனம் மாறிவிடுவாரோ என்று நிலுஷாவுக்கே பயம்.

மாறவில்லை. முனீப்பைக் கதிரையில் இருத்திவிட்டு, பெட்டியைத் தானே கட்டினார். பிறகு சுங்கத்தில் காட்ட வேண்டிய பொருள் விபரத் தாளை எடுத்து, பழக்க தோஷத்தில் தன் பெயரையே எழுதிவிட்டார். அப்படியே இருக்கட்டும், இரவல் சாமான் என்று சொல்லிக்கொள்கிறேன் என்றார் முனீப்.

"இல்லை முனீப். கொண்டு போறவற்ற பேர்தான் இருக்கோணும். திரும்பி வரேக்க ஆற்ற சாமான் எண்டு கேட்டா, நீங்கள் நிண்டு விளக்கிக்கொண்டிருக்க ஏலாது."

தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எடுத்தார். கடவுச்சீட்டைப் பார்த்துப் பார்த்து முனீப்பின் முழுப் பெயரையும் எழுதி, பேனையை நீட்டினார். வாங்கிய முனீப் தயங்கினார். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை றிக்சன் அதன் ஓரத்தை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.