முனியாண்டிக்காக வளைந்த வேலி

‘செவ்வாய். மழை. பால்மரம் வெட்டு இல்லை. வேலியைச் சாமிக்காக வளைக்கத் துரை ஒப்புக்கொண்டார்.’

நாள்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்புறம் அப்பா பென்சிலால் எழுதி வைத்த குறிப்பு இது. தாளின் மேற்பகுதியைக் கரையான் தின்றுவிட்டதால் மாதமும் ஆண்டும் இல்லை. வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில், தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி ஏறிக்கொண்டிருந்தபோது எழுதியது என்பது மட்டும் உறுதி. எனக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. ரந்தாவுக்கு அருகில் எங்கள் ரப்பர் தோட்டம்.

காட்டுக்குள் ஒளிந்து சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, சிதறிக் கிடந்த லயவீடுகளைக் கலைத்து எல்லோரையும் ஒரே இடத்தில் குடிவைத்து வேலியடைக்க முடிவானது. சிரம்பானிலிருந்து வரைபடம் வந்தது. காவல் கோபுரம், சோதனைக் கேட், தண்ணீர்க் குழாய், கக்கூஸ், கைக்குழந்தைகளை விட்டுப்போக ஆயாக் கொட்டகை என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. பிள்ளைகள் ஓடியாட மட்டும் இடம் இல்லை. வரைந்தவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் அஞ்சவேண்டியவை வேறு.

எங்களுக்கு மைதானம் என்றிருந்தது பழைய ரப்பர் நாற்றங்கால் இருந்த சமதரை. பையன்களுக்கு அங்கே கிட்டிப்புள்ளும் கபடியும், பெண்பிள்ளைகள் எங்களுக்கு நொண்டி. வேலிக்காக அடித்த முளைக்குச்சிகள் அந்தத் தரையை வெளியே விட்டுவிட்டுப் போயின. வேலிக்கு வெளியே காலம் தவறி நடமாடினால் சுடுவார்கள் என்று பெரியவர்களுக்கே சொல்லியிருந்தார்கள்.

கம்பம் நடும் ஆட்களில் என் மாமாவும் ஒருவர். அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். அந்த வேலியைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை கேட்ட ஒரே பெரியவர் அவர்தான். ஒரு மாலை எங்களைக் கூட்டி, எதுவரைக்கும் வேண்டும், ஓடிக் காட்டுங்கள் என்றார். ஓடினோம். மைதானத்தின் கடைசியில், மூச்சு வாங்க நாங்கள் நின்ற இடத்தில் ஒரு பலாமரம் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை அந்த மரத்தடியில் மூன்று கற்கள் இருந்தன. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முன்னால் ஓர் எலுமிச்சம்பழமும் ஒரு சுருட்டும். முதலில் கண்டவரும் மாமாதான். முனியாண்டியை வெளியே வைத்து வேலியடைப்பதா? கயிறு பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைக் கீழே போட்டார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கணக்கெழுதும் கிராணியிடம் போனார், கிராணி வெள்ளைக்காரத் துரையிடம் போனார். துரைக்கு ஏற்கெனவே ஆயிரம் தலைவலி. வளைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். கற்களை ஆற்றிலிருந்து தூக்கி வந்தது தான்தான் என்று, எனக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து மாமாவே சொன்னார்.

மைதானம் உள்ளே வந்தது. கூடவே சாமியும் வந்துவிட்டார். மாமா போட்ட கணக்கில் அவர் இல்லை.

முதல் வெள்ளிக்கிழமையே பெண்கள் தரை முழுவதும் கூட்டிச் சாணம் தெளித்தார்கள். செருப்புக் கூடாது, சத்தம் கூடாது, பந்து கூடாது என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்ற எங்களை மண்டோரின் மனைவி விரட்டினார்: “சாமி எடத்துல என்னடி நொண்டி? காலு வெளங்காமப் போயிரும்லா.”

வீடுகளுக்கு நடுவில் இருந்த சந்தில், அடுப்புகளுக்கும் சாக்கடைக்கும் இடையே விளையாடினோம். ஒருநாள் பந்து ஒரு வீட்டுச் சோற்றுப்பானையில் விழுந்தது. அரிசியை அளந்து கொடுத்த காலம் அது. பானைக்காரி என் தம்பியை அடித்த அடியை யாரும் தடுக்கவில்லை. மாமாவும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். மைதானம் எங்களுக்காக வந்ததுதான் என்று அவர் வாய்திறக்க முடியாது. சர்க்கார் வேலியை ஆற்றுக்கல்லை வைத்து வளைத்தவனை அன்றைக்குக் குறும்புக்காரன் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். அதைவிடச் சின்னச் சந்தேகத்துக்கெல்லாம் ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஊரடங்குக்கு முன்பே பூசையை முடிக்கவேண்டுமென்று அவசர அவசரமாகக் கற்பூரம் கொளுத்தினார்கள். அப்போது என் பெரியம்மா மகளுக்கு அருள் வந்தது. அக்காவுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். நொண்டியில் அவளை ஜெயித்தவர்கள் கிடையாது. தலைமுடி அவிழ்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். வந்திருப்பது யார் என்று மண்டோர் பணிவாகக் கேட்டார். முனியாண்டி என்று பதில் வந்தது. என்ன குறை என்றார்.

“பொழுதன்னைக்கும் என்னைத் தனியா ஒக்கார வச்சிட்டீங்களேடா. கண்ணு முன்னால ஒரு புள்ள ஓட மாட்டேங்குது.”

இடம் தீட்டாகிவிடுமே என்று மண்டோரின் மனைவி இழுத்தார். அக்கா அவரைப் பார்க்கவேயில்லை. நேராக மாமாவின் முன்னால் போய் நின்றாள்.

“என்னை இங்க கொண்டாந்து வச்சது யாரு, எதுக்கு வச்சாங்கன்னு இவனுக்குத் தெரியும். சொல்லட்டுமாடா?”

மாமா வேரறுந்த மரம்போலக் காலில் விழுந்தார்.

“வேணாங்கய்யா. புள்ளைங்க வெளையாடட்டுங்கய்யா.”

கோயில் வாசலை மிதிக்காத மனிதன் காலில் விழுந்து அழுவதைப் பார்த்தபிறகு யார் மறுப்பார்கள்? மறுநாள் மண்டோரே வந்து சுண்ணாம்பால் கோடு போட்டார். மரத்தடி சாமிக்கு, மற்றதெல்லாம் பிள்ளைகளுக்கு. அன்றுமுதல் கபடியில் தோற்ற கட்சி கல்லைச் சுற்றிச் சருகு பெருக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கமானது.

தோட்டத்திலேயே பக்தி மிகுந்தவர் மாமாதான் என்று அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் சிரித்தார். சாமி கும்பிடுகிறவன் அழுவதற்கும், குடியிருக்கும் நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சுகிறவன் அழுவதற்கும் வித்தியாசம் உண்டென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது மாமாவுக்கு வயதாகிவிட்டிருந்தது.

போன வருடம் எங்கள் குடியிருப்பில் பூங்கா அமைக்க அதிகாரிகள் வந்தார்கள். பிள்ளைகளிடம் தாள் கொடுத்து, உங்களுக்கு என்ன வேண்டும், வரைந்து காட்டுங்கள் என்றார்கள். நான் அந்தப் பலாமரத்தை நினைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு அருள் வருவதற்கு முன் கற்களைப் பற்றி ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை என்று மாமா கடைசிவரை சாதித்தார். கோலா கிளாவாங்கில் மகன் வீட்டில் இருந்த அக்காவிடம், உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “சாமி சொன்னதுக்கு என்னைக் கேட்டா எப்படிலா?” என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டாள். மாமா கல் எடுத்த இடமும் பெண்கள் துணி துவைத்த துறையும் ஒன்றுதான். அவர் கல் எடுத்த அந்த மாலை அக்கா அங்கே இருந்தாளா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.