துருப்பிடிக்காத நெஞ்சு

“இந்தக் கட்டடத்து லிஃப்டுக்குள்ள நான் நின்னா கையில ஸ்பேனர் இருக்கும். சும்மா ஏறி நின்னேன்னா, அன்னிக்கே மீசையை எடுத்துடறேன்.”

ஐந்தாம் மாடி கிரீஸ் அண்ணன் குடியிருப்போர் கூட்டத்தில் இப்படி அறிவித்தபோது கைதட்டலே எழுந்தது. லிஃப்ட் மெக்கானிக்கே படியேறுகிறார் என்றால் அதில் ஏதோ தத்துவம் இருக்க வேண்டுமே!

இருந்தது. காற்றுப் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும். எண்ணெய் பூசினால் பிடிக்காது. நெஞ்சும் அப்படித்தான்: படியேறி ஓட்டவும் வேண்டும், எண்ணெயும் போட வேண்டும். வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை ஊசியால் குத்திப் பார்த்தார். உள்ளே எண்ணெய். இதற்குமேல் என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கிறது? அன்றிலிருந்து தினமும் ஒன்றை விழுங்கி நெஞ்சுக்கு எண்ணெய் போட ஆரம்பித்தார். நல்ல கொழுப்பு எகிறும், கெட்ட கொழுப்பு ஊரைவிட்டே ஓடும் என்று மனைவியிடம், அதாவது நம் அண்ணியிடம், வாக்கும் கொடுத்தார்.

ரத்தப் பரிசோதனையில் நல்ல கொழுப்பு பழைய இடத்திலேயே சோர்ந்து உட்கார்ந்திருந்தது. அண்ணன் அசரவில்லை. பரிசோதனைக்கூடத்து மெஷினுக்கு யார் கடைசியாக சர்வீஸ் பண்ணினார்களோ என்று பழியை அங்கே தள்ளினார். இந்த மாத்திரை நல்ல கொழுப்பை ஏற்றும், இதயத்தைக் காக்கும் என்பதற்கெல்லாம் ஆதாரம் இல்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வேறு மருந்து எழுதிக்கொண்டே கேட்டார்:

“படி ஏறும்போது நெஞ்சு இறுக்குதா?”

“எனக்கா? நீங்க லிஃப்டுல வர்றதுக்குள்ள நான் மேல நிப்பேன் சார்.”

அண்ணி மின்விசிறியைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாக மூன்றாம் மாடி வந்ததும் அண்ணனுக்குக் கடமையுணர்ச்சி பொங்கிவிடும். நின்று, லிஃப்ட் கதவில் காதை வைத்து, கம்பியின் சத்தத்தைச் சோதிப்பார். வியர்க்க வியர்க்கச் சோதிப்பார். வேலை முடிந்து வந்தும் இப்படி உழைக்கிறாரே என்று அந்த மாடித் தையல்காரம்மா உருகிப்போய்த் தண்ணீர் கொடுப்பார். டாக்டரிடம் உண்மையைச் சொல்லலாமே என்பார் அண்ணி. எண்ணெய் ஊற நாள் பிடிக்கும் என்பார் இவர். எழுதிக்கொடுத்த மருந்து பிரிக்கப்படாமலே கிடந்தது.

நேற்று மாலையும் நின்றார், காதை வைத்தார். லிஃப்ட் ஓடாமல் அந்த மாடியிலேயே நின்றிருந்தது.

“கம்பி என்ன சொல்லுது?” என்றார் பின்னால் வந்த அண்ணி.

அண்ணனின் கை நெஞ்சில் இருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு சொற்பொழிவு உண்டு. நேற்று விரல் மட்டும் நீண்டு பொத்தானை அழுத்தியது. கதவு திறந்தது. கீழே வைத்திருந்த அண்ணனின் கருவிப் பையை எடுக்க அண்ணி குனிந்தார்.

“அது இங்கயே கெடக்கட்டும்” என்றார் அண்ணன் மெதுவாக. “இறுக்குதுன்னு டாக்டர்கிட்ட நீயே சொல்லிடறியா?”

“நீங்க சொல்லுங்க.”

“சரி.”

உள்ளே போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சும்மா நின்றார். மீசையைப் பற்றி அண்ணி எதுவும் கேட்கவில்லை.